மாதிரிப் படகும் வேகக் கட்டுப்பாடும்

நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 1898-ஆம் ஆண்டு மின்பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகொன்று மிதந்துகொண்டிருந்தது. அதனுடன் கயிறோ கம்பியோ எதுவும் இணைக்கப்படவில்லை. நிக்கோலா டெஸ்லா தம் கையிலிருந்த கருவியை இயக்கியதும் படகு நகர்ந்தது; திரும்பியது; அதன் விளக்குகள் எரிந்து அணைந்தன. வானொலி அலைகளால் இயக்கப்பட்ட அந்தப் படகுக்கு அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் 613,809 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

அன்று உலகமே வியந்து பார்த்ததை இன்று பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே செய்துவிட முடியும். மரப் பலகையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன உடல், ஒரு சிறு மோட்டார், அதன் தண்டில் நீரைப் பின்னுக்குத் தள்ளும் புரொபெல்லர், ஒரு பாட்டரி, வானொலிச் செய்தியைப் பெறும் ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சர்வோ ஆகியவை இருந்தால் போதும். இவற்றுடன் இன்னொரு பொருளும் வேண்டும். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே அமர்ந்து, எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறு பெட்டி அது. அதற்கு மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பெயர். கடைகளில் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'இ.எஸ்.சி.' என்பார்கள்.

மாதிரிப் படகு செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. "மோட்டார் 5 ஆம்பியர்தான் எடுத்தது. 10 ஆம்பியர் தாங்கும் கருவியைத்தான் பொருத்தினேன். தொட்டியில் நன்றாக ஓடியது. குளத்தில் விட்ட சில நிமிடங்களில் கருவி புகைந்துவிட்டது!" தேவையைப் போல் இரு மடங்கு தாங்கும் கருவி ஏன் எரிய வேண்டும்? ஓடும் மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று பார்த்தார்களே தவிர, ஓட முடியாமல் நின்றுபோன மோட்டார் எவ்வளவு எடுக்கும் என்று பார்க்கவில்லை. அதுவே காரணம். அதை எப்படிக் கணக்கிடுவது, அதைக் கொண்டு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் காண்போம்.

மோட்டாருக்குள் நடப்பது என்ன?

படகுகளில் பொதுவாகப் பயன்படும் சிறு நேர்மின்னோட்ட மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே நிலைக்காந்தங்களுக்கு நடுவில் செப்புக் கம்பிச் சுருள்கள் சுழல்கின்றன. தூரிகைகளின் வழியாகச் சுருள்களுக்கு மின்சாரம் செல்கிறது.

இந்தச் சுருளின் மின்தடை மிகவும் குறைவு. நம் எடுத்துக்காட்டு மோட்டாரின் தடை 0.3 ஓம் என்றும், பாட்டரியின் மின்னழுத்தம் 7.2 வோல்ட் என்றும் கொள்வோம். ஓம் விதிப்படி

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை = 7.2 ÷ 0.3 = 24 ஆம்பியர்.

ஆனால் அம்மீட்டரை இணைத்துப் பார்த்தால், சுமையின்றிச் சுழலும் அதே மோட்டார் 0.8 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஓம் விதி பொய்த்துவிட்டதா? இல்லை.

காந்தப் புலத்தில் ஒரு சுருள் சுழன்றால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று படித்திருக்கிறீர்கள். சைக்கிள் டைனமோ வேலை செய்வது அப்படித்தான். மோட்டாரின் சுருளும் காந்தப் புலத்தில்தானே சுழல்கிறது? ஆகவே ஓடும் மோட்டார் ஒவ்வொன்றும் ஒரு டைனமோவும் ஆகும். அதில் தூண்டப்படும் மின்னழுத்தம், லென்ஸ் விதிப்படி, பாட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். வேகம் கூடக் கூட இதுவும் அதே விகிதத்தில் கூடும்.

பாட்டரியின் மின்னழுத்தத்திலிருந்து இந்த எதிர்ப்பைக் கழித்தால் மீதமாகும் மின்னழுத்தமே சுருளின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. நம் மோட்டாரில் மூன்று நிலைகளைப் பாருங்கள்.

சுமையின்றி ஓடும்போது: மின்னோட்டம் 0.8 ஆம்பியர். தடையில் இழக்கப்படுவது 0.8 × 0.3 = 0.24 வோல்ட். எதிர் மின்னியக்கு விசை 6.96 வோல்ட்.

புரொபெல்லருடன் நீரில் ஓடும்போது: மின்னோட்டம் 5 ஆம்பியர். தடையில் இழக்கப்படுவது 1.5 வோல்ட். எதிர் மின்னியக்கு விசை 5.7 வோல்ட். வேகம் சற்றுக் குறைந்துள்ளது.

தண்டு நின்றுபோனால்: வேகம் சுழி. எதிர் மின்னியக்கு விசையும் சுழி. பாட்டரியின் 7.2 வோல்ட் முழுவதும் அந்த 0.3 ஓம் தடையின் மீது இறங்குகிறது. மின்னோட்டம் 24 ஆம்பியர்!

இந்தக் கடைசி எண்ணை 'ஸ்டால்' மின்னோட்டம் என்பார்கள். ஓடும்போது மோட்டாருக்குக் காவலாக இருப்பது அதன் சுழற்சியேதான். சுழற்சி நின்றால் அந்தக் காவல் போய்விடுகிறது. ஓடும்போது பாட்டரி தரும் 36 வாட் திறனில் 28.5 வாட் சுழற்சியாக மாறி, 7.5 வாட் மட்டுமே சுருளில் வெப்பமாகிறது. நின்றுபோன நிலையிலோ 7.2 × 24 = 172.8 வாட் முழுவதும் வெப்பமே. ஒரு சிறு சால்டரிங் அயர்னின் வெப்பம் 25 வாட். அத்தகைய ஏழு அயர்ன்களின் வெப்பம் கைக்கு அடங்கும் மோட்டாருக்குள் எழுகிறது என்றால் நிலைமை புரியும் அல்லவா?

தண்டு எப்போது நின்றுபோகும்? வேலம்பாசியோ ஆகாயத்தாமரையின் வேரோ புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளலாம். நைலான் நூல் ஒன்று சிக்கலாம். படகு கரையிலுள்ள சேற்றில் ஏறலாம். தொட்டியில் இவை எதுவும் இல்லை. ஆகவேதான் தொட்டியில் பிழைத்த கருவி குளத்தில் எரிகிறது.

பழைய முறையும் புதிய முறையும்

வேகத்தைக் குறைக்க ஒரு காலத்தில் மின்தடையைத் தொடரில் இணைத்தார்கள். பீங்கான் துண்டில் சுற்றிய தடைக் கம்பியின் மீது ஒரு தொடுமுனையைச் சர்வோ நகர்த்தும். எளிய முறைதான். ஆனால் அதன் குறையைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

புரொபெல்லருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைச் சுழற்றத் தேவையான திருப்பு விசை, சுழல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் திருப்பு விசை நான்கில் ஒரு பங்கு போதும். திறன் என்பது திருப்பு விசையையும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. ஆகவே திறன் எட்டில் ஒரு பங்கு போதும்!

நம் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டுவோம். உராய்வைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மோட்டாரின் மின்னோட்டம் திருப்பு விசைக்கு ஏற்றது. எனவே 5 ஆம்பியர் 1.25 ஆம்பியராகக் குறையும். எதிர் மின்னியக்கு விசை 5.7 வோல்ட்டில் பாதி, அதாவது 2.85 வோல்ட். சுருளின் தடையில் 1.25 × 0.3 = 0.375 வோல்ட் இழப்பு. இரண்டையும் கூட்டினால் மோட்டாருக்குத் தேவையானது சுமார் 3.2 வோல்ட்.

பாட்டரியோ 7.2 வோல்ட் தருகிறது. மீதி 4 வோல்ட்டைத் தொடர்தடைதான் விழுங்க வேண்டும். அதில் வீணாகும் திறன் 4 × 1.25 = 5 வாட். மோட்டாருக்குப் போவது 4 வாட். மோட்டாருக்குக் கொடுப்பதைவிட அதிகமாகத் தடைக் கம்பியைச் சூடாக்கவே செலவிடுகிறோம்!

மின்னணுக் கருவி இதை வேறு வழியில் செய்கிறது. அது மின்சாரத்தைக் குறைப்பதில்லை. விட்டு விட்டுக் கொடுக்கிறது. நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் மின்சுற்றை மூடித் திறக்கிறது. மூடியிருக்கும் நேரம் 45 பங்கு, திறந்திருக்கும் நேரம் 55 பங்கு என்றால், மோட்டார் உணரும் சராசரி மின்னழுத்தம் 7.2 வோல்ட்டில் 45 விழுக்காடு, அதாவது சுமார் 3.2 வோல்ட். வேகத்தை மாற்ற வேண்டுமானால் மூடியிருக்கும் நேரத்தின் பங்கை மாற்றினால் போதும். இதற்குத் துடிப்பு அகல மாற்ற முறை என்று பெயர்.

சுற்று திறந்திருக்கும்போது மோட்டாரின் மின்னோட்டம் அறுந்துபோகுமா? போகாது. சுருளுக்கு ஒரு மின்தூண்டலும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென நிற்க அது விடாது. அந்த மின்னோட்டம் ஒரு டையோடின் வழியாகச் சுற்றி வந்து மோட்டாருக்குள்ளேயே தொடர்ந்து ஓடுகிறது. ஆகவே மோட்டாரில் ஓடுவது 1.25 ஆம்பியர், பாட்டரியிலிருந்து வெளிவருவதோ அதன் 45 விழுக்காடு, சுமார் 0.56 ஆம்பியர்தான்.

3 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி இருந்தால், முழு வேகத்தில் 36 நிமிடம் ஓடும். பாதி வேகத்தில் தடைக் கம்பி முறையில் 2 மணி 24 நிமிடம். மின்னணு முறையில் 5 மணிக்கும் மேல். இவை கணக்களவிலான எண்கள். உராய்வினாலும் வேறு இழப்புகளினாலும் நடைமுறையில் குறையும். ஆயினும் வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது தெளிவாகிறது அல்லவா?

சுற்றை மூடித் திறக்கும் வேலையைச் செய்வது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். நான்கு மாஸ்ஃபெட்டுகளைச் சதுரமாக அமைத்து, குறுக்கெதிரே உள்ளவற்றை இரண்டிரண்டாக இயக்கினால் மின்னோட்டத்தின் திசையையும் மாற்றலாம். படகு பின்னோக்கிச் செல்வது இவ்வாறே. எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பதை ரிசீவர் சிறு துடிப்புகளாகச் சொல்லி அனுப்புகிறது. பொதுவாக நொடியில் 50 துடிப்புகள். துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடியானால் நில். 2 மில்லி நொடியானால் முழு வேகத்தில் முன்னே. 1 மில்லி நொடியானால் முழு வேகத்தில் பின்னே.

கருவி எரிவது ஏன்?

மூடியிருக்கும் மாஸ்ஃபெட்டிலும் சிறிது மின்தடை உண்டு. அது 0.02 ஓம் என்போம். தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கக் கிடைப்பது.

5 ஆம்பியரில்: 5 × 5 × 0.02 = 0.5 வாட்.
24 ஆம்பியரில்: 24 × 24 × 0.02 = 11.5 வாட்.

மின்னோட்டம் ஏறத்தாழ 5 மடங்கு கூடினால், வெப்பம் 23 மடங்கு கூடிவிட்டது. கட்டைவிரல் நகமளவுள்ள ஒரு துண்டில், காற்றோட்டமில்லாத மூடிய படகுக்குள், 11.5 வாட் வெப்பம் எழுந்தால் அது தாங்காது. மேலும் மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதன் தடையும் கூடுகிறது. தடை கூடினால் வெப்பம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய கருவி சில நொடிகளில் புகையும். மாஸ்ஃபெட் எரியும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே உருகிப்போகிறது. அப்போது டிரான்ஸ்மிட்டரில் பிடியை எங்கே வைத்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கட்டுப்பாடே இல்லாத படகாகிவிடும்.

ஆகவே விதி இதுதான்: கருவி தாங்கும் தொடர் மின்னோட்டம், மோட்டாரின் ஸ்டால் மின்னோட்டத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மோட்டாரை அளந்து பாருங்கள்

மோட்டாருடன் விவரக் குறிப்பு வந்தால் ஸ்டால் மின்னோட்டம் அதிலேயே இருக்கும். பழைய பொம்மையிலிருந்து எடுத்த மோட்டாருக்கு அது கிடைக்காது. கவலை வேண்டாம். ஒரு டார்ச் செல்லைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். இதனை ஆசிரியரின் முன்னிலையில் செய்யுங்கள்.

தேவையானவை: பெரிய அளவு 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று, 10 ஆம்பியர் வரை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று, வோல்ட்மீட்டர் ஒன்று, குறடு, தடித்த இணைப்புக் கம்பிகள்.

1. மோட்டாரைப் படகிலிருந்து கழற்றி, தண்டு சுழலாதபடி குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. செல், மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் அளவுமுனை, மோட்டார் ஆகியவற்றைத் தொடரில் இணையுங்கள். வோல்ட்மீட்டரை மோட்டாரின் இரு முனைகளிலும் இணையுங்கள்.

3. இரண்டு நொடி மட்டும் மின்சாரம் செலுத்தி இரு மீட்டர்களையும் படியுங்கள். உடனே துண்டித்துவிடுங்கள்.

4. தண்டைச் சிறிது திருப்பி வைத்து மீண்டும் செய்யுங்கள். இவ்வாறு ஐந்து நிலைகளில் அளவெடுங்கள். தூரிகை தொடும் இடத்தைப் பொறுத்து அளவு சற்று மாறும்.

5. ஒவ்வொரு முறையும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துத் தடையைக் காணுங்கள். அவற்றுள் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

0.6 வோல்ட்டும் 2 ஆம்பியரும் கிடைத்தால் தடை 0.3 ஓம். 1.5 வோல்ட் செல் ஏன் 0.6 வோல்ட் மட்டும் காட்டுகிறது என்று கேட்பீர்கள். மீதி அந்தச் செல்லின் அகத்தடையிலும் கம்பிகளிலும் மீட்டரிலும் செலவாகிவிட்டது. மோட்டாரின் முனைகளிலேயே நேராக அளப்பதால் அது நம் விடையைப் பாதிக்காது. மல்டிமீட்டரின் ஓம் அளவையைக் கொண்டு நேரடியாக அளக்கக் கூடாதா? இவ்வளவு குறைந்த தடையை அது சரியாகக் காட்டாது. மீட்டரின் கம்பிகளுக்கே அதற்கு ஈடான தடை இருக்கும்.

இப்போது பாட்டரியின் மின்னழுத்தத்தை இந்தத் தடையால் வகுத்தால் ஸ்டால் மின்னோட்டம் கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அல்ல, முழுதும் மின்னேற்றிய நிலையிலுள்ள அளவைக் கொள்ளுங்கள். இரண்டு செல் லித்தியம்-பாலிமர் பாட்டரியில் 7.4 வோல்ட் என்றிருக்கும். முழுதும் ஏறியபின் அது 8.4 வோல்ட். நம் மோட்டாருக்கு 8.4 ÷ 0.3 = 28 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் கருவியே ஏற்றது.

36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள '540' வகை மோட்டார்கள் படகுகளில் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றின் தடை 0.1 ஓம் அளவுக்கே இருக்கலாம். 7.2 வோல்ட்டில் அது 72 ஆம்பியர்! மோட்டார் பெரிதானால் கருவியும் பெரிதாக வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

அடுத்தது ஓடும்போதுள்ள மின்னோட்டம். மோட்டாரைப் படகில் பொருத்தி, சிமெண்டுத் தொட்டியில் மிதக்கவிட்டு, பின்புறத்தைக் கயிற்றால் கட்டுங்கள். பாட்டரியின் வழியில் அம்மீட்டரையும் ஒரு ஃபியூஸையும் தொடரில் சேர்த்து, முழு வேகத்தில் அரை நிமிடம் ஓட்டிப் படியுங்கள். கட்டப்பட்ட படகு, ஓடும் படகைவிடச் சற்று அதிகமாகவே மின்னோட்டம் எடுக்கும். பாதுகாப்பான பக்கம் கணக்கிடுவது நமக்கு நல்லதே. இந்த அளவு ஃபியூஸைத் தேர்ந்தெடுக்க உதவும்.

கடையில் பார்க்க வேண்டியவை

மின்னோட்டம்: கருவியின் மேல் சில வேளை இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தொடர்ந்து தாங்குவது. மற்றது சில நொடிகள் மட்டும் தாங்குவது. முதல் எண்ணையே நம்புங்கள். மெல்லிய கம்பிகளைக் கொண்ட சிறு பெட்டியில் 300 ஆம்பியருக்கு மேல் என்று அச்சிட்டு விற்பதும் உண்டு. அது மாஸ்ஃபெட் துண்டைப் பனிபோல் குளிர்வித்தால் ஏட்டளவில் தாங்கும் எண். அந்தக் கம்பியும் அந்தப் பெட்டியும் அதைத் தாங்கா. சில கருவிகளில் '540 மோட்டார், 12 சுற்றும் அதற்கு மேலும்' என்று எழுதியிருக்கும். சுருளில் சுற்றுகள் குறைந்தால் தடையும் குறையும்; மின்னோட்டம் கூடும். ஆகவே 12-க்குக் குறைந்த சுற்றுள்ள மோட்டாரை அதில் பொருத்தக் கூடாது.

மின்னழுத்தம்: கருவி தாங்கும் மின்னழுத்தத்துக்கு உட்பட்டதாகப் பாட்டரி இருக்க வேண்டும். இங்கும் முழுதும் ஏறிய அளவையே பாருங்கள். மூன்று செல் லித்தியம்-பாலிமருக்கு அது 12.6 வோல்ட்.

மோட்டாரின் வகை: தூரிகையுள்ள மோட்டாருக்கு இரண்டு கம்பிகள். தூரிகையற்ற மோட்டாருக்கு மூன்று. இரண்டுக்கும் வெவ்வேறு கருவிகள். ஒன்றை மற்றதற்கு மாற்றிப் பொருத்த முடியாது.

பின்னோக்கு ஓட்டம்: படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் புரொபெல்லரை எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். விமானத்துக்கான கருவிகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் இயங்கும். மாதிரிக் கார்களுக்கான கருவிகள் பலவற்றில் பிடியைப் பின்னே இழுத்தால் முதலில் பிரேக் பிடிக்கும். நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் இழுத்தால்தான் பின்னோக்கும். கரையில் மோதப்போகும் படகுக்கு அந்தத் தாமதம் உதவாது. இழுத்த உடனே பின்னோக்கும் படகுக் கருவியையே கேட்டு வாங்குங்கள்.

ரிசீவருக்கான மின்சாரம்: பல கருவிகள் பாட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தருகின்றன. இப்பகுதியைப் 'பி.இ.சி.' என்பார்கள். எளிய வகை பி.இ.சி. மீதமுள்ள மின்னழுத்தத்தை வெப்பமாகவே கழிக்கிறது. 12 வோல்ட் பாட்டரியும் 0.5 ஆம்பியர் சர்வோவும் என்றால் (12 − 5) × 0.5 = 3.5 வாட் வெப்பம். பாட்டரியின் மின்னழுத்தம் அதிகமானால், மூடித் திறக்கும் முறையில் இயங்கும் பி.இ.சி. உள்ளதை வாங்குவது நல்லது. இரண்டு மோட்டாருள்ள படகில் இரண்டு கருவிகளைப் பொருத்தினால், ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் ரிசீவரில் இணையுங்கள். இரண்டு மோட்டார்களையும் ஒரே கருவியில் இணைத்தால் ஸ்டால் மின்னோட்டங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாட்டரிக் காப்பு: லித்தியம்-பாலிமர் செல் 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் கெட்டுப்போகும். கெட்ட செல்லை மீண்டும் மின்னேற்றும்போது தீப்பிடிக்கவும் கூடும். அந்த அளவுக்கு முன்பே மோட்டாரை நிறுத்தும் அமைப்பு கருவியில் இருக்க வேண்டும். ஈய-அமிலப் பாட்டரியானால் அதற்கேற்ற அளவுக்கு மாற்றி அமைக்க வேண்டும்.

ஈரமும் வெப்பமும்: நீர் புகாதபடி மூடப்பட்ட கருவியே படகுக்கு உகந்தது. வேகப் படகுகளுக்கான கருவிகளில் குளிர் நீர் ஓடச் சிறு குழாய்கள் இருக்கும்.

இவற்றுடன் தூரிகைகளில் எழும் தீப்பொறி வானொலிச் செய்தியைக் குலைக்காமலிருக்க, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்றை மோட்டாரில் பற்றவைப்பது வழக்கம். ஒன்று இரு முனைகளுக்கும் நடுவே. மற்ற இரண்டும் முனைக்கு ஒன்றாக மோட்டாரின் உலோக உடலுடன்.

ஃபியூஸ் இருந்தால் போதாதா?

ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பாட்டரியின் நேர்முனைக்கு அருகில், ஓடும்போதுள்ள மின்னோட்டத்தைப் போல் இரு மடங்கு அளவுள்ள ஃபியூஸைப் பொருத்துங்கள். நம் படகுக்கு 10 ஆம்பியர். ஆனால் ஃபியூஸ் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஃபியூஸ் உருக நேரமாகும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 24 ஆம்பியர் ஓடினாலும் அது அக்கணமே அறுந்துவிடாது. அது அறும் வரை கருவி தாங்க வேண்டும்.

இரண்டாவது சற்று நுட்பமானது. படகு பாதி மின்னழுத்தத்தில் ஓடும்போது தண்டு சிக்கிக்கொண்டது என்போம். மோட்டார் உணரும் சராசரி 3.6 வோல்ட். அதில் ஓடும் மின்னோட்டம் 3.6 ÷ 0.3 = 12 ஆம்பியர். ஆனால் பாட்டரியிலிருந்து வருவது அதில் பாதி, 6 ஆம்பியர்தான். ஃபியூஸ் இருப்பதோ பாட்டரியின் பக்கம். அது 6 ஆம்பியரை மட்டுமே காண்கிறது, அசையாமல் இருந்துவிடும்! மோட்டாரின் சுருளிலோ 12 × 12 × 0.3 = 43 வாட் வெப்பம் எழுந்துகொண்டேயிருக்கும்.

இந்த நேரத்தில் படகைக் காப்பாற்றக் கூடியவர் கரையில் நிற்கும் நீங்கள்தாம். படகு நின்றுவிட்டது என்று தெரிந்தவுடன் பிடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வேகத்தைக் கூட்டிப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். ஓரிரு நொடி பின்னோக்கி இயக்கிப் பார்க்கலாம். சுற்றிய பாசி சில வேளை அவிழ்ந்துவிடும். அவிழாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சிக்கிய படகை மீட்கக் குளத்தில் இறங்கக் கூடாது. எந்தப் பாசி புரொபெல்லரைப் பிடித்ததோ அதே பாசி காலையும் பிடிக்கும். நீண்ட நூலில் ஒரு தக்கையைக் கட்டி எறிந்து இழுக்கலாம். காற்று கரைக்குத் தள்ளும் வரை காத்திருக்கலாம். இருபத்தைந்து வாட் மோட்டாருக்கும் சில நூறு ரூபாய்க் கருவிக்கும் உயிரை ஈடு வைக்கலாகாது. சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பதன் முதற்பயனும் இதுதான்: புறப்பட்ட படகு தானாகவே கரைக்குத் திரும்பும்.

நினைவிற்கொள்ள

மோட்டாரின் தடையை அளந்து ஸ்டால் மின்னோட்டத்தைக் கணக்கிடுக. அதற்குக் குறையாத தொடர் மின்னோட்டம் தாங்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க. ஓடும் மின்னோட்டத்தைப் போல் இரு மடங்கு ஃபியூஸ் பொருத்துக. மின்னழுத்தம், மோட்டார் வகை, பின்னோக்கு ஓட்டம், பாட்டரிக் காப்பு ஆகியவற்றைச் சரிபார்க்க.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு மோட்டாரின் தடை 0.5 ஓம், பாட்டரி 6 வோல்ட். ஸ்டால் மின்னோட்டம் எவ்வளவு? நீரில் ஓடும்போது 3 ஆம்பியர் எடுத்தால் எதிர் மின்னியக்கு விசை எவ்வளவு?

2. கருவியின் தடை 0.01 ஓம். 4 ஆம்பியரிலும் 20 ஆம்பியரிலும் எழும் வெப்பத் திறனைக் காண்க. மின்னோட்டம் 5 மடங்கானால் வெப்பம் எத்தனை மடங்காகிறது?

3. புரொபெல்லரின் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் அதற்குத் தேவையான திறன் எத்தனையில் ஒரு பங்காகும்?

விடைகள்: 1. 12 ஆம்பியர், 4.5 வோல்ட். 2. 0.16 வாட், 4 வாட், 25 மடங்கு. 3. இருபத்தேழில் ஒரு பங்கு.